இரண்டு நிமிடத்துக்கு முன்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு விரல் வேலை செய்கிற வேகத்தில் கண் வேலை செய்வதில்லை என்பது எத்திராஜின் கட்சி. கைக்கு வந்ததைப் படிக்கிறார்களோ இல்லையோ, அடுத்தவன் தலையில் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை. போன வாரம் சேலையூர் பால் பூத்துக்காரர் ஒரு சேதி அனுப்பியிருந்தார். நாலு வயதுப் பிள்ளையைக் காணோமாம், பச்சைச் சட்டையாம், பத்து பேருக்கு அனுப்பினால் புண்ணியமாம். எத்திராஜ் யாருக்கும் அனுப்பவில்லை. அதிலிருந்த நம்பருக்குப் போன் போட்டார். எடுத்தவன் அந்தப் பிள்ளையேதான். காணாமல் போன அன்றைக்கே கிடைத்துவிட்டானாம். இப்போது காலேஜில் இரண்டாம் வருஷமாம். "தினம் பத்து பேர் கூப்பிடுறாங்க சார். எக்ஸாம் வேற நடக்குது, வெச்சிடுங்க" என்று அழாத குறையாகச் சொன்னான்.

அன்றிலிருந்து எத்திராஜ் எவன் சொல்வதையும் நம்புவதில்லை. அதற்கு முன்பும் நம்பியதில்லை, அது வேறு விஷயம்.

எத்திராஜுக்கு வயது அறுபத்தெட்டு. படிப்பு ஐந்தாவது. முப்பத்தொரு வருஷம் தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு ரயில்வே கேட்டில் கேட்கீப்பராக இருந்தவர். வேலை முடிந்தபின் சும்மா உட்கார முடியாமல், மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் மேஜை போட்டு 'துப்பறிந்து தரப்படும்' என்று பலகை மாட்டினார். அவருக்கு உதவி ஞானசௌந்தரி. நாற்பத்தைந்து வயது, சொந்த ஆட்டோ, சொந்த வாய். இரண்டுக்கும் பிரேக் சுமார்தான்.

அன்று காலை பத்தேகால் மணிக்குப் படியேறி வந்தவள் செல்வம்மாள். கோவளத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவந்து தாம்பரத்தில் விற்கிறவள். எத்திராஜ் அவளிடம் எட்டு வருஷமாக மீன் வாங்குகிறார், எட்டு வருஷமாகச் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறார். இன்றைக்கு அவள் கையில் கூடை இல்லை. போன்தான் இருந்தது.

"அண்ணா, எங்க வூட்டுக்காரரு உசுரோட கீறாரா இல்லையான்னு கண்டுபுடிச்சுக் குடு."

எத்திராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டார். "இன்னா ஆச்சு? நின்னுகினு சொல்லாத, குந்து."

"நேத்து விடிகாலை நாலு மணிக்குக் கடலுக்குப் போனாரு. கூட வர்றவனுக்குக் காய்ச்சல், தனியாப் போனாரு. ஒரு வேளை சோறு, ஒரு கேன் தண்ணி. சாயங்காலம் வரணும். வரல. ராத்திரியும் வரல. காலைல சங்கத்துல சொல்லி அஞ்சு ஃபைபர் போட்டு தேடப் போறதுக்கு டீசல் எல்லாம் ஊத்தியாச்சு. அந்த நேரம் பார்த்து எட்டு மணிக்கு இந்தப் புள்ளி வந்துச்சு."

போனைத் திருப்பிக் காட்டினாள். நீலத் திரையில் ஒரு பச்சைப் புள்ளி. கீழே எழுத்து: ஜீவானந்தம், நலம், இரண்டு நிமிடத்துக்கு முன்.

"உடனே எல்லாரும் எறங்கிட்டாங்க அண்ணா. 'உன் ஆளு நல்லாத்தான் கீறான், போய் உலை வை'ன்னுட்டாங்க."

"சரி, நீ ஏன் உலை வைக்காம இங்க வந்த?"

"புள்ளி இன்னா பண்ணுச்சுன்னு நான் பாத்துகினே இருந்தேன். மெதுவா, நேரா, ஒரே கோடாப் போச்சு. அது வலை வுடுறது. எட்டு மணிக்கு எவன் வலை வுடுவான்? ஊரே வலையைத் தூக்கிகினு வர்ற நேரம் அது. அவரு இருட்டுலயே வுட்டுட்டு வெளுக்கறப்போ தூக்குற ஆளு. இருபது வருஷமா அவரு வலையில நான்தான் மீன் கழட்டுறேன், எனக்குத் தெரியாதா?"

ஞானசௌந்தரி சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "போனை நம்பாத பொண்டாட்டியை இன்னிக்குத்தான் பாக்குறேன். மத்தவங்க எல்லாம் புருஷனைத்தான் நம்ப மாட்டாங்க. வாங்க பெருசு, வண்டி எடுக்கறேன்."

ஒரு கேன் தண்ணீர், முப்பது மணி நேரம், சித்திரை வெயில். எத்திராஜ் படியில் இறங்கும்போதே அந்தக் கணக்கைப் போட்டுவிட்டார்.

ஆட்டோ கேம்ப் ரோட்டைத் தாண்டி மேடவாக்கத்தில் மாட்டிக்கொண்டது. எத்திராஜ் முன்கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தார். நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி கேட்டார்.

"பெருசு, நீங்க கம்பியைத் தட்டுறதுனால லாரி நகராது. நகர்ந்தா சொல்லுங்க, நானும் தட்டுறேன்."

"அந்தப் பொட்டி எப்படி வேலை செய்யுதும்மா?" என்று எத்திராஜ் செல்வம்மாள் பக்கம் திரும்பினார்.

அவள் சொன்னாள். போன வருஷம் நாவலூரில் 'கரைமுகம்' என்று ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து படகுக்கு ஒரு பெட்டி கொடுத்தார்கள். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். அதன் தலையில் இரண்டு கொம்பு. சின்னக் கொம்பு பக்கத்துப் படகுகளோடு பேசும். பெரிய கொம்பு கரையில் இருக்கிற கோபுரத்தோடு பேசும். தூரத்தில் இருக்கிற படகின் சேதி பக்கத்துப் படகுக்கு வந்து, அது அடுத்த படகுக்குக் கொடுத்து, கை மாறிக் கை மாறிக் கரைக்கு வரும். ஆபத்து என்றால் அமுக்கச் சிவப்பாக ஒரு பட்டனும் உண்டு.

"கை மாறி வருதா?" எத்திராஜ் முகத்தைச் சுளித்தார். "அப்ப அதுல ஒருத்தன் கை சுத்தமில்ல. உன் புருஷன் பொட்டியை எவனோ எடுத்து அவன் போட்டுல வெச்சிகினு சுத்துறான். ஆளு ஒரு இடம், பொட்டி ஒரு இடம்."

"எதுக்கு?"

"அதைத்தான் கண்டுபுடிக்கணும்."

"முதல் கேள்விக்கே பாஸாகல," என்றாள் ஞானசௌந்தரி கண்ணாடியைப் பார்த்து.

நாவலூருக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. கம்பெனி ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏஸி. பிரணவ் என்று ஒரு இளைஞன் எழுந்து வந்தான். மரியாதையான பையன், ஆனால் பதில் எல்லாம் கேள்விக்கு முன்னாலேயே தயாராக இருந்தது.

"சார், எங்க நெட்வொர்க்ல எல்லாமே ஃப்ரெஷ். பாருங்க, ஜீவானந்தம் சாரோட போட், கரையிலேர்ந்து பதினாலு கிலோமீட்டர், நலம், ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடி. ஏன் பயப்படறீங்க?"

"அந்த ரெண்டு நிமிஷம் எங்கேர்ந்து ஆரம்பிக்குது தம்பி?"

"புரியல சார்."

"பாலு மாடு கறந்து ரெண்டு நிமிஷமா, இல்ல பால்காரன் என் வாசப்படியில வெச்சு ரெண்டு நிமிஷமா?"

பிரணவ் சிரித்தான். பிறகு சிரிப்பைப் பாதியில் நிறுத்தினான். "எங்க டவருக்கு வந்து ரெண்டு நிமிஷம்."

"டவருக்கு யார் குடுத்தா?"

"பொட்டி நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொண்ணுக்கு எப்ப வந்துது?"

"அது... நாங்க அதை வெச்சுக்கறதில்ல சார்."

எத்திராஜ் ஞானசௌந்தரியைப் பார்த்தார். அவள் ஏஸிக்கு நேராக நகர்ந்து நின்று கொண்டிருந்தாள்.

"தம்பி, நான் கேட்டுல இருந்தவன். ஸ்டேஷன்லேர்ந்து போன் வரும், வண்டி வருது, கேட்டை மூடுன்னு. மூடிட்டு, என்கிட்ட இருக்கிற தாள்ல அடுத்த நம்பர் எதுவோ அதைச் சொல்லணும். அவர் எழுதிக்குவாரு. பிரைவேட் நம்பர்னு பேரு. சொன்ன நம்பரை அப்பவே அடிச்சிடணும், மறுபடி அது வராது. ஏன் தெரியுமா? போன வண்டிக்குச் சொன்ன பேச்சை இந்த வண்டிக்கு எவனும் எடுத்துக்கக் கூடாது. உன் பொட்டி பேசுற பேச்சுக்கு நம்பர் இருக்கா?"

"இருக்கு சார். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு சேதி. பொட்டியை ஆன் பண்ணதுலேர்ந்து ஒண்ணு, ரெண்டுன்னு போகும். ஆனா யாரும் அதைப் பாக்கறதில்ல."

"இப்ப பாரு."

பிரணவ் லேப்டாப்பில் தட்டினான். "நூத்தி அம்பது."

எத்திராஜ் பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதினார். "பொட்டியை எப்பம்மா போட்டீங்க?"

"நேத்து நாலு மணிக்கு. நான்தான் சுச்சு போட்டுக் குடுத்தேன்."

"மணிக்கு முப்பது. நேத்து நாலுலேர்ந்து இன்னிக்கு நாலு வரைக்கும் எழுநூத்தி இருபது. அப்புறம் எட்டு மணி நேரம், எரநூத்தி நாப்பது. தொள்ளாயிரத்தி அறுபது இருக்கணும். நூத்தி அம்பதுதான் கீது. நூத்தி அம்பதுன்னா நேத்து காலைல ஒன்பது மணி. இது நேத்து காலைல கறந்த பாலு தம்பி!"

செல்வம்மாள் தன் போனிலிருந்த பச்சைப் புள்ளியை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

பிரணவ் தலையை ஆட்டினான். "இல்ல சார். பொட்டியை அணைச்சுத் திரும்பப் போட்டா நம்பர் மறுபடியும் ஒண்ணுலேர்ந்து வரும். இன்னிக்குக் காலைல ஏழு மணிக்கு அவர் அணைச்சுப் போட்டிருந்தாலும் இப்ப சரியா நூத்தி அம்பதுதான் வரும்."

எத்திராஜின் பேனா அப்படியே நின்றது. கணக்கு சரிதான். பையன் சொல்வதும் சரிதான்.

"பெருசு," என்றாள் ஞானசௌந்தரி மெதுவாக, "கேட்டு உங்க தலையிலேயே வுழுந்துடுச்சு."

"சும்மா கெட." எத்திராஜ் திரையைக் குனிந்து பார்த்தார். "சின்னக் கொம்பு எவ்ளோ தூரம் கேக்கும்?"

"ஆறேழு கிலோமீட்டர்."

"ஆளு பதினாலுல கீறாரு. அப்ப அவரு பேச்சைக் கேட்டு கரைக்குச் சொல்ற அந்த நாப்பத்தொண்ணு..."

"நடுக்கடல்ல இருக்கணும். இருக்கு சார், பாருங்க." பிரணவ் இன்னொரு பச்சைப் புள்ளியைக் காட்டினான். "பொட்டி நாப்பத்தொண்ணு, ஒன்பது கிலோமீட்டர், நலம், ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடி. எல்லாம் பொருந்துது."

செல்வம்மாள் எட்டிப் பார்த்தாள். "நாப்பத்தொண்ணா? அது எங்க மாமா பொட்டியாச்சே. இவரோட அண்ணன், தினகரன். காலைல எட்டரைக்குக் கரையில நின்னு என்னை உலை வைக்கச் சொன்னதே அவருதான்."

"அதுக்கப்புறம் கடலுக்குப் போயிருப்பார்மா," என்றான் பிரணவ்.

செல்வம்மாள் தினகரனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எத்திராஜ் அதற்குள் கதவைத் திறந்து நின்றார். "தம்பி, உன் மெஷினை எடுத்துகினு நீயும் வா. நாப்பத்தொண்ணை நான் கண்ணால பாக்கணும்."

"சார், எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு."

"இருக்கட்டும். அதுல நீ இருக்கறதா ஒரு புள்ளி வெச்சிட்டு வா," என்று ஞானசௌந்தரி அவன் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

சிறுசேரி தாண்டி, கேளம்பாக்கத்தில் திரும்பி, கோவளத்துக்கு விரட்டினாள் ஞானசௌந்தரி. ஆட்டோ தூக்கித் தூக்கிப் போட்டதில் பிரணவின் தலை இரண்டு முறை மேல்கம்பியில் இடித்தது. செல்வம்மாள் போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். பச்சைப் புள்ளி அசைந்தது. நலம் என்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு மணிக்கு மணலில் இறங்கினார்கள். வலைக் கொட்டகையின் நிழலில் நாலைந்து பேர் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பருத்த ஆளைச் செல்வம்மாள் விரலை நீட்டிக் காட்டினாள்.

"மாமா!"

தினகரன் நிமிர்ந்தார். "இன்னாம்மா, எங்க போய்ட்ட நீ? சோறு கூட ஆக்காம..."

எத்திராஜ் பிரணவின் கையிலிருந்த திரையைத் திருப்பினார். பொட்டி நாற்பத்தொன்று, ஒன்பது கிலோமீட்டர், நலம், இரண்டு நிமிடத்துக்கு முன். அதைத் தினகரனின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"ஏம்பா, நீ இங்க சீட்டு ஆடுறியா, இல்ல ஒன்பது கிலோமீட்டர் தூரத்துல வலை வுடுறியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

கொட்டகையில் சிரிப்பு எழுந்து, பாதியில் அடங்கியது. சங்கத்துத் தலைவர் சத்தியநாதன் சீட்டைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "இது இன்னா தினா, உன் புள்ளி கடல்ல கீது?"

"காலைலேர்ந்து ஊரே போனும் கையுமா கீறீங்களே, இதை ஒருத்தனும் பாக்கலையா?" என்றாள் ஞானசௌந்தரி.

"எதுருல குந்திகினு கீறவனோட புள்ளியை எவன் பாப்பான்?" என்றார் எத்திராஜ். "பொட்டி எங்க?"

பொட்டி தினகரனின் வீட்டில் இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் மூன்றாவது வீடு. எல்லாரும் ஓடினார்கள். ஃப்ரிட்ஜின் மேல், பிளாஸ்டிக் பூ ஜாடிக்குப் பக்கத்தில், சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு கொம்பும் நேராக நின்றன. தலையில் ஒரு சின்னப் பச்சை விளக்கு, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மினுக்கென்று எரிந்து அணைந்தது. அது எரிந்த அதே நேரம் செல்வம்மாளின் போனில் புள்ளி நகர்ந்தது.

பிரணவ் பொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தான். "இங்கேர்ந்து பதினாலு கிலோமீட்டர் கேட்காது. கேட்கவே கேட்காது."

"கேக்கல தம்பி. நேத்து கேட்டதை இன்னிக்குச் சொல்லிகினு கீது." எத்திராஜ் தினகரன் பக்கம் திரும்பினார். "நேத்து நீ இன்னா பண்ண?"

தினகரன் ஃப்ரிட்ஜைப் பார்த்தார், தம்பி மனைவியைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார். "பெரிய கொம்பைக் கழட்டி வெச்சேன்."

"எதுக்கு?"

"நல்ல இடம் கெடைச்சுது பெரியவரே. வஞ்சிரம். புள்ளி ரொம்ப நேரம் ஒரே இடத்துல நின்னா, மறுநாள் நாப்பது போட்டு அங்க வந்து நிக்கும். அதான் அஞ்சு மணிக்குக் கழட்டிட்டேன். தம்பியும் சொன்னான், கழட்டிடு அண்ணா, என் புள்ளியும் உன் வழியாத்தான் போவுதுன்னு. எல்லாரும் பண்றதுதான்."

சத்தியநாதன் அவசரமாக வேறு பக்கம் பார்த்தார். வாசலில் நின்ற இன்னும் இரண்டு பேரும் பார்த்தார்கள், அவரவர் கால் கட்டை விரலை.

"எப்ப திரும்ப மாட்டின?"

"இன்னிக்கு எட்டு மணிக்கு. தலைவருதான் எல்லார் பொட்டிக்கும் கொம்பு மாட்டுங்கன்னாரு, எதுலயாவது தம்பி சேதி வந்திருக்குமான்னு பாக்கலாம்னு. மாட்டுன உடனே அவன் புள்ளி வந்துச்சு. நானும் நம்பிட்டேன். ஆண்டவன் சத்தியமா நம்பிட்டேன்."

எத்திராஜ் பிரணவைப் பார்த்தார். பையனே சொல்ல ஆரம்பித்தான். "சின்னக் கொம்பு இருந்ததால கேட்டதை எல்லாம் பொட்டி சேர்த்து வெச்சிருக்கு. பெரிய கொம்பு வந்ததும் ஒண்ணொண்ணா அனுப்புது. முதல்ல வந்தது முதல்ல. எதையும் விட்டுடக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சோம். நேத்து அஞ்சு மணிச் சேதி இன்னிக்கு எட்டு மணிக்கு. இருபத்தேழு மணி நேரம் பின்னால ஓடிட்டிருக்கு."

"ரேஷன் கடை கியூவா இது? வந்த வரிசையில அனுப்ப? போன வண்டியைப் பத்தி எனக்கு எதுக்குடா சேதி? வர்ற வண்டியைப் பத்திச் சொல்லு!" எத்திராஜ் கத்தியது தெரு வரைக்கும் கேட்டது. "இப்ப பொட்டிக்குள்ள இன்னும் இன்னா மிச்சம் கீது?"

பிரணவ் ஒயரைச் செருகினான். திரையில் வரிசையாக எழுத்து ஓடியது. "அடுத்ததுலேர்ந்து படிக்கட்டுமா சார்?"

"கடைசிலேர்ந்து படி."

பிரணவ் விரலால் தள்ளிக்கொண்டே போனான். பச்சை, பச்சை, பச்சை. எல்லாம் நலம். அடிமட்டத்துக்கு வந்தபோது விரல் நின்றது. கடைசி ஐந்து வரி சிவப்பாக இருந்தது.

"முன்னூத்தி நாப்பது வரைக்கும் நலம். முன்னூத்தி நாப்பத்தொண்ணுலேர்ந்து... ஆபத்து பட்டன். நேத்து மூணு இருபத்திரெண்டு. அஞ்சு தடவை. அதுக்கப்புறம் எதுவும் இல்ல."

சத்தியநாதன் குனிந்து அந்த ஐந்து வரியையும் விரல் வைத்து எண்ணினார்.

"நான் மூணரைக்கு எஞ்சினைப் போட்டுக் கரைக்குத் திரும்பினேன்," என்றார் தினகரன். தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல இருந்தது. "அஞ்சு தடவை கூப்புட்டிருக்கான். அதை எடுத்தாந்து... வூட்டுல, ஃப்ரிட்ஜு மேல வெச்சிட்டு, நான் சீட்டு ஆடிகினு இருந்தேன்."

செல்வம்மாள் அவரைத் திட்டவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். "இது எப்ப கரைக்கு வந்திருக்கும்?" என்று பிரணவைக் கேட்டாள்.

"இன்னிக்குச் சாயங்காலம் ஆறு இருபத்திரெண்டுக்கு."

"இருட்டுற நேரத்துக்கு," என்றாள் அவள். "அப்புறம் நாளைக்குக் காலைலதான் தேடியிருப்பாங்க. தண்ணி இல்லாம." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள். "போட்டைத் தள்ளுங்க."

கால் மணி நேரத்தில் மூன்று படகு தயார். சத்தியநாதன் கடலோரக் காவலுக்கும் போன் பண்ணினார். தினகரன் முதல் படகில் ஏறிக் கண்ணைச் சுருக்கிக் கடலைப் பார்த்தார். "நேத்து மூணரைலேர்ந்து நீரு வடக்க இழுக்குது. அந்த இடத்துல இருக்க மாட்டான். முட்டுக்காட்டையும் தாண்டி வடக்க போயிருப்பான்."

எத்திராஜ் கொட்டகையில் தொங்கிய நாள்காட்டியில் இரண்டு தாளைக் கிழித்தார். இரண்டிலும் ஒரே மாதிரி பத்து எண்களை, முன்பின் வரிசை இல்லாமல் எழுதினார். ஒன்றைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தினகரன் கையில் திணித்தார், மற்றதைச் செல்வம்மாளிடம் கொடுத்தார்.

"நீ அங்கேர்ந்து வாக்கி டாக்கில பேசறப்ப, நடுவுல நிக்கிற ரெண்டு போட்டு கை மாத்திக் கரைக்குச் சொல்லும். ஒவ்வொரு சேதிக்கும் அடுத்த நம்பரைச் சொல்லு. சொன்னதை அடிச்சிடு. நம்பர் இல்லாத பேச்சை இங்க எவனும் கேக்க மாட்டான்."

"கடல்லயும் கேட்டைப் போட்டுட்டாரு," என்றாள் ஞானசௌந்தரி. ஆனால் பேனாவை அவள்தான் செல்வம்மாளுக்குக் கொடுத்தாள்.

இரண்டரைக்கு முதல் சேதி. "இருபத்தெட்டு. எடத்துக்கு வந்தாச்சு. போட்டு இல்ல." செல்வம்மாள் இருபத்தெட்டை அடித்தாள். மூன்றேகாலுக்கு இரண்டாவது. "அறுபத்தி நாலு. வடக்க போறோம்." அடித்தாள். பிறகு வெறும் இரைச்சல். எத்திராஜ் மணலில் இந்தக் கொட்டகைக்கும் அந்தப் படகுக்கும் நடந்தார், திரும்ப நடந்தார். வெயில் மணலில் கொதித்தது. செல்வம்மாளைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துகொண்டே இருந்தது.

மூன்றே முக்காலுக்கு வாக்கி டாக்கி கத்தியது. "கெடைச்சாச்சு! கெடைச்சாச்சு!"

கரையே கூவியது. ஒருவன் வெடிக்கட்டை எடுத்துவர ஓடினான். பிரணவ் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரைக் கட்டிக்கொண்டான். சத்தியநாதன் செல்வம்மாளின் தோளைத் தட்டினார். "பாத்தியாம்மா, நான் சொல்லல?"

அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்பர் இன்னா?"

"அட, ஆளே கெடைச்சாச்சுங்கறான்..."

"நம்பர் கேளு அண்ணே."

கேட்டார்கள். பதில் இல்லை. இரண்டு நிமிஷம் கழித்து நடுப் படகுக்காரன் குரல் தயங்கித் தயங்கி வந்தது. தூரத்தில் ஒரு ஃபைபர் படகு தெரிந்ததாம். நம்முடையதுதான் என்று அவனாகவே சொல்லிவிட்டானாம். கிட்டப் போய்ப் பார்த்தால் வேறு ஊர்ப் படகாம்.

வெடி எடுக்கப் போனவன் வெறுங்கையோடு திரும்பி வந்தான். செல்வம்மாள் தாளை உள்ளங்கையில் விரித்து, அடுத்த எண்ணுக்குப் பக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டாள்.

நாலு நாற்பதுக்கு மறுபடி இரைச்சல். இந்த முறை யாரும் கூவவில்லை. நடுப் படகுக்காரன் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான், பரீட்சையில் வாசிக்கிற பிள்ளை மாதிரி.

"எழுபத்தி மூணு. திரும்பச் சொல்றேன், எழுபத்தி மூணு. ஆளு கீறாரு. எஞ்சின் ஃபேன்ல வலை சுத்தி நின்னுபோச்சு. பொட்டியில தண்ணி பூந்துட்டுது. மயக்கமாக் கீறாரு, தண்ணி குடுத்தாச்சு. பேசறாரு."

செல்வம்மாள் தாளைப் பார்த்தாள். அடுத்த எண் எழுபத்து மூன்று. அதன்மேல் கோடு போட்டாள். ஒரு தடவை, இரண்டு தடவை, தாள் கிழியும் வரைக்கும். பிறகுதான் மணலில் உட்கார்ந்து வாய் விட்டு அழுதாள்.

ஆறு மணிக்குப் படகு கரை தட்டியது. தினகரன் தம்பியை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினார். ஜீவானந்தத்தின் உதடு வெடித்திருந்தது, தோள் தோலுரிந்திருந்தது. செல்வம்மாள் போய் அவன் கன்னத்தைத் தொட்டாள். தொட்ட கையாலேயே முதுகில் ஒன்று வைத்தாள். "கொம்பைக் கழட்டச் சொன்னியாமே?"

"வஞ்சிரம் புள்ள," என்றான் அவன், குரலே இல்லாமல்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவனைக் கொட்டகையில் படுக்கவைத்து எலுமிச்சம்பழத் தண்ணீர் கொடுத்தார்கள். பிரணவ் மடியில் மெஷினோடு எத்திராஜைத் தேடி வந்தான். கண் சிவந்திருந்தது.

"சார், டவர்ல மாத்திட்டேன். இனிமே புதுசு வந்தா பழசு விலகிடும். சேதி எப்ப பொறந்ததுன்னு நேரமும் திரையில வரும். நாளைக்கு ஒவ்வொரு பொட்டியையும் மாத்திட்டா முழுசா வேலை செய்யும். இனிமே இப்படி நடக்காது."

"அந்த நேரத்தை யார் போடுவா?"

"பொட்டிதான் சார்."

"பொட்டியோட கடியாரத்தை யார் பாப்பா?"

பிரணவ் பதிலுக்கு வாயைத் திறந்தான். அப்போது கரையில் இருந்த அத்தனை போனும் ஒரே நேரத்தில் அலறியது. சட்டைப் பைகளில், இடுப்பு மடிப்புகளில், சீட்டுக் கட்டுக்குப் பக்கத்தில், ஜீவானந்தத்தின் தலைமாட்டில். திரையெல்லாம் சிவப்பு. ஜீவானந்தம், ஆபத்து, இரண்டு நிமிடத்துக்கு முன்.

எலுமிச்சம்பழத் தண்ணீரை வாயில் வைத்திருந்த ஜீவானந்தம் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான். "எவனுக்கு இன்னா ஆச்சு?"

மணி ஆறு இருபத்திரண்டு. ஃப்ரிட்ஜின் மேலிருந்த பொட்டியை யாரும் அணைக்கவில்லை. அது தன் வேலையை வரிசைப்படி ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

பிரணவ் அந்த வீட்டைப் பார்த்து ஓடினான்.

எத்திராஜ் செருப்பிலிருந்த மணலைத் தட்டிவிட்டு ஆட்டோவை நோக்கி நடந்தார். ஞானசௌந்தரி பின்னாலேயே வந்தாள். அவர் சட்டைப் பையிலும் ஏதோ ஒன்று டிங் என்றது. எடுத்துக் கண்ணுக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். சேலையூர் பால் பூத்துக்காரர் அனுப்பியிருந்தார்: கோவளத்தில் மீனவர் உயிருக்குப் போராட்டம். உடனே பத்து பேருக்கு அனுப்பவும்.

"ஆள் கெடைச்சாச்சு, நல்லாக் கீறாருன்னு நாமளும் ஒண்ணு அனுப்பலாம் பெருசு. பையன்தான் எல்லாத்தையும் சரி பண்றேன்னு சொல்லிட்டானே. நம்பக் கூடாதா?"

"அனுப்பு. எவனும் மேல தள்ள மாட்டான். அடுத்த சித்திரைக்கும் இவன் உசுருக்குப் போராடிகினுதான் இருப்பான், பாரு."

ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தார். கொட்டகையில் ஜீவானந்தம் உட்கார்ந்திருந்தான், செல்வம்மாள் அவன் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணால் பார்த்தாகிவிட்டது. நாலடி நடந்தார். பார்த்து எவ்வளவு நேரம் ஆனது என்று யோசித்தவர், மறுபடியும் நின்று, மறுபடியும் திரும்பிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே போய் வண்டியில் ஏறினார்.